முட்டுக்காட்டில் பத்து நிமிடம்



வாரிசுரிமை குறித்துச் சென்ற இதழில் தொடங்கியதை இவ்விதழில் தொடர்வதாக வாக்களித்திருந்தேன். அதனை ஒரு மாதம் தள்ளி வைப்பதற்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். பெருநாள் கழிந்த மூன்றாம் நாள், முட்டுக்காட்டு உப்பங்கழியில் நானும் என் மகளும் வாட்டர் ஸ்கூட்டர் என்னும் நீர்மேல் ஓடும் வாகனத்தில் ஏறினோம். "ஹஜ்ரத்துக்கு இது தேவையா?" என்று சிலர் நேரிலேயே கேட்டு விட்டார்கள். அவர்களிடம் சிரித்து மழுப்பி விட்டேன். உங்களிடம் அப்படிச் செய்ய மனம் வரவில்லை.

நாங்கள் வசிப்பது தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில். 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கி மறுநாள் காலை வரை தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர் என்று பின்னர் பத்திரிகைகளில் படித்தோம். பெய்துகொண்டிருந்தபோது எங்களுக்குச் சென்டிமீட்டர் கணக்குத் தெரியாது. படிக்கட்டுக் கணக்குதான் தெரிந்தது. ஏரிகள் நிரம்பி வழிய, அடையாறு கரை மீறிற்று. நள்ளிரவில் முதற்படி மறைந்தது. ஸுபுஹுக்குள் வீட்டினுள் கட்டில் மிதந்தது. மேல்மாடியில் இருந்த இந்துப் பெரியவர் ஒருவர் தம் கதவைத் திறந்து எங்கள் அனைவரையும் ஏற்றுக்கொண்டார். மறுநாள் பிற்பகல், எங்கள் தெருவுக்குள் ஒரு மீனவர் படகு வந்தது. குறுக்கே தொங்கிய கேபிள் கம்பியைத் துடுப்பால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எங்களைக் குனியச் சொல்லி அழைத்துச் சென்றார்கள். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டவள், கரையேறிப் பள்ளிவாசல் மண்டபத்தில் கஞ்சி கொடுத்தபோதும் கையை எடுக்கவில்லை.

அதற்குப் பின் அவளிடம் சில பழக்கங்கள் படிந்தன. ஐப்பசி பிறந்தால் தன் பள்ளிச் சான்றிதழ்களையும் ஓதும் குர்ஆனையும் பரண்மேல் ஏற்றிவிடுவாள். இரவில் மழை கேட்டால் எழுந்து சென்று வாசற்படியைப் பார்த்துவிட்டு வருவாள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் எங்கள் தெருவில் தண்ணீர் நின்றது. அன்று அவள் அழவில்லை, பேசவும் இல்லை. எதையும் வாய்விட்டுச் சொல்லும் பிள்ளை இரண்டு நாட்கள் பேசாதிருந்தது எங்களை மிகவும் கலக்கியது.

அந்தப் பெண்தான் இந்தப் பெருநாளில், "அத்தா, முட்டுக்காட்டுல வாட்டர் ஸ்கூட்டர்ல போகணும்" என்றாள்.

என் துணைவியார் உடனே மறுத்தார். பெண் பிள்ளை, பதினாறு வயது, நீந்தத் தெரியாது, ஓட்டுகிறவர் அந்நியர், ஊர் என்ன சொல்லும் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் காரணங்கள் வந்தன. எதுவும் தள்ளத்தக்கது அன்று. ஆனால் என் மகன் சென்ற ஆண்டு நண்பர்களுடன் சென்று இதே வாகனத்தில் ஏறி வந்தபோது, எங்களில் ஒருவரும் "உனக்கு நீந்தத் தெரியுமா?" என்று கேட்கவில்லை. அவனுக்கும் தெரியாது. மகள் இதைச் சுட்டிக்காட்டவில்லை என்பது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

அவள் சொன்னது வேறு. "உம்மு ஹராம் (ரலி) கேட்டாங்கல்ல, அத்தா? நீங்கதானே பாடம் நடத்துனீங்க."

நடத்தியது உண்மை. தம் சமுதாயத்தினர் அரியணையில் அமர்ந்த அரசர்களைப் போல் கடலில் செல்வதைக் கனவில் கண்டதாக நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, "அவர்களுள் என்னையும் ஆக்கும்படி பிரார்த்தியுங்கள்" என்று கேட்டவர் உம்மு ஹராம் பின்த் மில்ஹான் (ரலி). புகாரியில் உள்ள செய்தி இது. தம் கணவர் உபாதா (ரலி) அவர்களுடன் அவர் ஹிஜ்ரி 28ஆம் ஆண்டு சைப்ரஸ் படையெடுப்பில் கடல் கடந்தார். கடல் அவரை ஒன்றும் செய்யவில்லை; கரையிறங்கிய பின் வாகனப் பிராணியிலிருந்து விழுந்தே வஃபாத்தானார். லார்னகா நகருக்கு அருகே உப்பு ஏரிக் கரையில் இருக்கும் அடக்கத்தலம் அவருடையது என்று மக்கள் இன்றும் சென்று காண்கிறார்கள்.

நான் பதிலுக்கு உமர் (ரலி) அவர்களை எடுத்தேன். கடற்படை கேட்ட முஆவியா (ரலி) அவர்களுக்கு அவர் அனுமதி தரவில்லை. கடலைப் பற்றி அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களிடம் விசாரித்தார். மரத்துண்டின்மேல் ஒட்டிக்கொண்ட புழுவைப் போன்றதே கடலில் மனிதனின் நிலை என்று விடை வர, முஸ்லிம்களை அதில் ஏற்றமாட்டேன் என்று இருந்துவிட்டார். என் மகள் சற்றும் தாமதிக்காமல், "அப்புறம் உஸ்மான் (ரலி) விட்டாங்களே?" என்றாள். விட்டார்கள்தாம். விரும்பாத எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும், முஆவியா தம் மனைவியையும் உடன் அழைத்துச் செல்லவேண்டும் என்றும் நிபந்தனை விதித்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். ஆபத்து உண்டென்றால் அதில் உன் வீட்டாரும் இருக்கட்டும் என்பது அதன் பொருளாக இருக்கலாம். எனக்கு அன்று அது அப்படித்தான் பட்டது. "சரி, நானும் ஏறுகிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

அதன் பிறகுதான் அவள் மெதுவாகச் சொன்னாள்: "அன்னைக்கு நாம தண்ணிகிட்ட போகல அத்தா, அது நம்மகிட்ட வந்துச்சு. ஒரு தடவை நாமளா போய்ப் பார்க்கணும்."

இதற்குமேல் விவாதிக்க என்னிடம் எந்தக் கிதாபும் இல்லை.

வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் சாலையில் சென்றோம். கேளம்பாக்கத்தைத் தாண்டியதும் இருபுறமும் உப்பளங்களும் கழியும் விரிகின்றன. கோவளத்தில் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்கள் பெயரால் அமைந்த தர்காவுக்குப் பெருநாள் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. நவாபுகள் காலத்தில் துறைமுகமாக விளங்கிய ஊர் அது. அதன் கோட்டையை ஆங்கிலேயர் 1752இல் தகர்த்தனர். லுஹரை அங்கே தொழுதுவிட்டு வடக்கே திரும்பி முட்டுக்காட்டுப் படகுத்துறையை அடைந்தோம். துறை 1984 முதல் இருக்கிறது. நான் மாணவனாக இருந்த நாளில் மிதிபடகில் ஏறியிருக்கிறேன். அது வாத்தைப் போல் சாதுவானது.

வாட்டர் ஸ்கூட்டர் சாதுவன்று. ஜெட் ஸ்கீ என்று பலரும் சொல்லும் பெயர் உண்மையில் ஜப்பானியக் கவாசாகி நிறுவனத்தின் வணிகப் பெயர். கிளேட்டன் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க மோட்டார் சைக்கிள் பந்தய வீரரின் எண்ணத்தில் பிறந்து, 1970களின் தொடக்கத்தில் அந்நிறுவனத்தால் விற்பனைக்கு வந்தது. முதலில் நின்றுகொண்டே ஓட்டும் வகை. பின்னரே உட்காரும் இருக்கைகள் வந்தன. எங்களுக்குக் கிடைத்தது மூவர் அமரும் வண்டி. முன்னால் ஓட்டுநர், நடுவில் நான், பின்னால் மகள். அந்நியர் என்ற வினாவுக்கு இந்த ஏற்பாடே விடையாயிற்று.

ஓட்டும் தம்பி மீனவக் குடும்பத்தவர். வண்டியை எடுக்கும் முன் அவர் சொன்னவற்றை, பிள்ளைகளை அழைத்துச் செல்ல எண்ணும் வாசகர்களுக்காக அப்படியே தருகிறேன். இவ்வண்டிக்கு வெளியே சுழலும் விசிறி கிடையாது. அடியிலுள்ள குழாய்க்குள் சுழலும் சக்கரம் கீழிருந்து நீரை உறிஞ்சிப் பின்புறத்து ஒடுங்கிய வாய் வழியே பீய்ச்சுகிறது. அந்தத் தாரையின் உதைப்பில்தான் வண்டி முன்னே பாய்கிறது. கைப்பிடியைத் திருப்பினால் திரும்புவது அந்த வாய்தான். ஆகவே வேகத்தை விட்டுவிட்டால் தாரை நிற்கும். தாரை நின்றால் கைப்பிடியை எவ்வளவு திருப்பினாலும் வண்டி திரும்பாது, போன திசையிலேயே வழுக்கிக்கொண்டு போகும். "புதுசா ஓட்டுறவங்க எதிர்ல எதையாவது பார்த்தா பயந்து கையை விட்டுடுவாங்க பாய். அப்பதான் போய் மோதும்" என்றார். பெரும்பாலான வண்டிகளில் பிரேக்கும் இல்லை. ஓட்டுநரின் மணிக்கட்டில் ஒரு சுருள்கயிறு கட்டியிருக்கும். அவர் நீரில் விழுந்தால் கயிறு கழன்று எஞ்சின் நின்றுவிடும். பின்னால் இருப்பவர் விழுந்தால் நீர்த்தாரையின் நேரே விழக்கூடும் என்பதால், பிடியை விடாதிருப்பதும் தடித்த ஆடை அணிவதும் அவசியம். தொங்கும் துணியையும் கயிற்றையும் அடியிலுள்ள வாய் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இந்தக் கடைசிச் செய்தியை முன்பே ஒருவரிடம் கேட்டறிந்திருந்ததால், மகள் புர்காவைத் தாயிடம் கொடுத்துவிட்டு, தளர்வான தடித்த சுடிதாருடன், தலைத்துணியின் நுனிகளை லைஃப் ஜாக்கெட்டுக்குள் செருகி ஊசி குத்தியிருந்தாள். ஜாக்கெட்டின் வார்கள் மூன்றையும் ஓட்டுநர் இழுத்துக் காட்டச் சொன்னார். என்னுடையது தளர்வாக இருந்தது, அவளுடையது சரியாக இருந்தது. வேறொரு கடற்கரையில் என் மகனும் நண்பர்களும் ஏறியபோது கொக்கி உடைந்த ஜாக்கெட்டைக் கொடுத்து, "பத்து நிமிஷம்தானே" என்றார்களாம். பத்து நிமிடம் நீருக்குப் போதும் என்பது முடிச்சூர்க்காரர்களுக்குத் தெரியும். கொக்கி சரியில்லையென்றால், கொடுத்த பணம் போனாலும் ஏறாதீர்கள்.

வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆவை ஓதினேன். இந்த வாகனத்தைக் கட்டுப்படுத்தும் வல்லமை நமக்கு இருந்ததில்லை என்ற பொருள் அதில் வருகிறது. ஆயிரம் முறை பேருந்தில் ஓதியிருக்கிறேன். அர்த்தம் அன்றுதான் வயிற்றில் இறங்கியது.

வண்டி பாய்ந்ததும் என்னால் எதையும் பார்க்க முடியவில்லை. முன்னால் ஓட்டுநரின் முதுகு. கண்ணாடியை மனைவியிடம் கொடுத்துவிட்டதால் அதற்கப்பால் எல்லாம் வெள்ளைப் புகை. பின்னால் திரும்பத் துணிவில்லை. மகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் என் இடுப்பைச் சுற்றியிருந்த இரு கைகள் மட்டுமே. முதலில் அவை, அந்தப் படகில் தாயின் கழுத்தைப் பற்றியதைப் போல, மூச்சு முட்டும்படி இறுகின. வண்டி அலைகளில் தடதடவென்று குதித்தது. முதல் வளைவில் நான் உரக்க அல்லாஹ்வை அழைத்தது கரையிலிருந்த என் துணைவியாருக்கும் கேட்டிருக்கிறது. இரண்டாவது வளைவில் மகளின் வலது கை தளர்ந்தது. விழுந்துவிட்டாளோ என்று நெஞ்சு நின்றது. இடது கை மட்டும் உறுதியாக இருந்தது. வலது கையை அவள் தாழ்த்தி, பக்கத்தில் தெறித்த நீரைத் தொட்டுக்கொண்டிருந்தாள் என்று பின்னர் சொன்னாள்.

கழிமுகத்துக்குச் சற்று இப்பால் ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தினார். அங்கே மணல் திட்டு நீருக்கடியில் ஏறி வருகிறது. ஆழம் குறைந்தால் வண்டி மணலை உறிஞ்சிக்கொள்ளும், ஆகவே நீரின் நிறம் வெளுத்தால் நிறுத்திவிடவேண்டும் என்றார். எதிரே கடல் வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. சத்தம் அடங்கியதும் என் மகள், "இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கிழக்குத் தாம்பரத்தின் சேலையூர், செம்பாக்கம் பக்கத்து ஏரிகளில் மிஞ்சும் மழைநீர் பள்ளிக்கரணை சதுப்பில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, இங்கே வந்துதான் கடலுக்குப் போகிறது. எங்கள் முடிச்சூர் நீர் அடையாற்றோடு வடக்கே போய்விடும். ஆனால் அதே மேகம், அதே மழை. இரயில் பாதைக்குக் கிழக்கே விழுந்தது இங்கே வந்திருக்கும். சதுப்பையும் ஏரியையும் தூர்த்து வீடு கட்டிக்கொண்ட நாம் அதன் வழியை மறித்துவிட்டு, வெள்ளம் வந்தது வந்தது என்கிறோம்.

ஓட்டுநர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். 2015இல் தம் சிற்றப்பா பைபர் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு தாம்பரம் பக்கம் போனதாகவும், எந்த ஊர் என்று தமக்கு நினைவில்லை என்றும் சொன்னார். என் மகள் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் படகைச் செலுத்தியவர்களின் பெயரை நாங்கள் அன்று கேட்கவே இல்லை என்பது எனக்கு நினைவுக்கு வந்தது.

திரும்பும் முன், "நான் கொஞ்சம் ஓட்டலாமா, அத்தா?" என்றாள். ஓட்டுநர் என்னைப் பார்த்தார். அவள் முன்னால் அமர்ந்தால் ஓட்டுநர் அவளுக்குப் பின்னால் அமரவேண்டிவரும். இசையவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. என் மறுப்பு சரியென்றே இன்றும் கருதுகிறேன். ஆயினும் நானே ஓட்டக் கற்றிருந்தால் அந்த மறுப்புக்கு வேலையே இருந்திருக்காது.

விளையாட்டு ஆகுமா என்று ஐயுறும் சகோதரர்கள், நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியதை அறிவார்கள். இமாம் நசாயீ பதிவு செய்த ஓர் அறிவிப்பில், வீண் என்று கணக்கிடப்படாத விளையாட்டுகள் நான்கனுள் நீச்சலும் ஒன்று. பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பியுங்கள் என்று உமர் (ரலி) அவர்கள் கூறியதாக வழங்கும் சொல்லை இருபது ஆண்டுகளாக மிம்பரடியிலும் வகுப்பிலும் நான் முழங்கிவருகிறேன். மரக்கலம் ஓட்டியதால் மரக்காயர் எனப் பெயர்பெற்றதாகச் சொல்லிக்கொள்ளும் மக்களும் நம்முள் இருக்கிறார்கள். அவர்கள் வீடுகளில் இன்று நீந்தத் தெரிந்த பெண்கள் எத்தனை பேர் என்று யாரையும் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. என் வீட்டில் ஒருவர்கூட இல்லை.

கரையேறியதும் என் துணைவியார் அவளுடைய தலைத்துணியைப் பிழிந்துகொண்டே, "பயமா இருந்துச்சா?" என்று கேட்டார். "இருந்துச்சும்மா. ஆனா அந்தப் பயம் வேற" என்றாள்.

அடுத்த வாரம் தாம்பரம் வட்டாரத்தில் பெண்களுக்கென்று தனி நேரமும் பெண் பயிற்சியாளரும் உள்ள நீச்சல் குளம் ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தோம். தாயும் மகளுமாகச் சேர்ந்திருக்கிறார்கள். முதல் நாள் வாயிலுக்கு வெளியே காத்திருந்தபோது, ஆண்களுக்கு ஸுபுஹுக்குப் பின் ஆறு மணிக்கு வகுப்பு என்று காவலர் சொன்னார். விண்ணப்பத்தில் வயது என்ற இடத்தில் நாற்பத்தேழு என்று எழுதிக்கொடுத்தேன். வாங்கியவர், "பையனோட வயசு எழுதுங்க பாய்" என்று திருப்பித் தந்தார்.