குமரன் நினைவு நாள்: கொடிக்கு மட்டுமா மரியாதை?

வருஷந்தோறும் ஜனவரி 11-ந் தேதி திருப்பூரில் குமரன் நினைவு நாள் நடந்து வருவது நேயர்கள் அறிந்ததே. இவ்வருஷம் நாமும் போயிருந்தோம். கட்சிக்கொரு கூட்டமாக வந்தார்கள், மாலை போட்டார்கள், கொடிக்கு வணக்கம் செலுத்தினார்கள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கொடிக்கம்பத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்களையும் கண்டோம். அவர்களை நாம் பரிகசிக்கவில்லை. ஆனால், கோயிலில் செய்கிற காரியத்தையே இங்கும் செய்துவிட்டு வீட்டுக்குப் போவதானால், குமரனையும் ஒரு சாமியாக்கினோம் என்பதைத் தவிர வேறு பலன் என்ன என்று கேட்கிறோம்.

குமரன் யார்? 1904-ல் சென்னிமலையில் ஓர் ஏழை நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. தறி நெய்தார், பிறகு திருப்பூரில் பஞ்சாலை வேலைக்குப் போனார். 1932 ஜனவரி 10-ந் தேதி தடையை மீறிச் சென்ற ஊர்வலத்தில் போலீசாரின் தடியடிபட்டு மண்டை உடைந்து விழுந்தார். விழுந்தபோதும் கையிலிருந்த கொடியை விடவில்லை. மறுநாள் மாண்டார். வயது 27.

அவர் பிடித்திருந்த கொடியில் இருந்தது இராட்டை. 1947 ஜூலை 22-ந் தேதி அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்ட கொடியில் இராட்டை போய் அசோகச் சக்கரம் வந்தது. கதர்த் துணியில்தான் கொடி இருக்க வேண்டுமென்ற விதியும் 2021 டிசம்பரில் மாறி, இயந்திரத்தில் நெய்த பாலியெஸ்டர் துணியும் ஆகுமென்றாயிற்று. ஆகவே துணியும் மாறும், சித்திரமும் மாறும். புனிதம் துணியில் இல்லை. அதன் கீழ் நிற்கும் எல்லோரும் சமம் என்ற கொள்கை ஒன்றுதான் அதற்கு மதிப்பு.

அந்தக் கொள்கை என்ன கதியில் இருக்கிறது? 2020 ஆகஸ்ட் 15-ந் தேதி, திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர், ஆதிதிராவிடப் பெண் என்பதற்காகக் கொடியேற்ற விடப்படவில்லை. சில நாள் கழித்து மாவட்ட ஆட்சியர் நேரில் வந்த பிறகே அவர் ஏற்ற முடிந்தது. 2022-ல், தாழ்த்தப்பட்ட வகுப்புத் தலைவர்கள் கொடியேற்றுவதைத் தடையின்றி நடத்தித் தரும்படி தலைமைச் செயலாளரே எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. அடிபட்டும் கொடியை விடாத கைக்குச் சிலை; கொடிக்கயிற்றைத் தொட வந்த கைக்குத் தடை!

வேறு ஜில்லாக் கதைதானே என்று திருப்பூர்த் தோழர்கள் இருந்துவிட வேண்டாம். 2018 ஜூலையில் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் பள்ளியில், தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் சத்துணவு சமைக்கக்கூடாதென்று சாதி இந்துக்கள் தடுத்தார்கள். அதிகாரிகளும் முதலில் அந்த அம்மாளைத்தான் இடம் மாற்றினார்கள். கிளர்ச்சி எழுந்த பிறகே அம்மாற்றம் ரத்தாயிற்று.

நாம் ஒன்று கேட்கிறோம். பனியன் கம்பெனியில் எல்லாச் சாதியாரும் வரிசையாக பவர் டேபிளில் உட்கார்ந்து தைக்கிறார்கள். எந்தச் சாதிக் கை தைத்தது என்று கேட்டுக்கொண்டு யாராவது பனியன் வாங்குகிறார்களா? வெற்று உடம்பின்மேல் நாளெல்லாம் ஒட்டிக் கிடக்கும் பனியனில் ஒட்டாத தீட்டு, சோற்றிலும் கொடிக்கயிற்றிலும் மட்டும் எப்படி ஒட்டும்? காசு வரும் இடத்தில் தீட்டு இல்லை; கௌரவம் கொடுக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது என்றால், அதன் சூழ்ச்சி குழந்தைக்கும் விளங்குமே!

அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்து 1950 முதல் அமலில் இருக்கிறது. ஆனால் சட்டம் தானாக நடந்து ஊருக்குள் வராது. ஆதலால் தோழர்களே, அடுத்த ஜனவரி 26-லும் ஆகஸ்ட் 15-லும் உங்கள் ஊரில் கொடிக்கயிற்றை இழுப்பது யார், நாற்காலியில் உட்காருவது யார், ஒதுங்கி நிற்பது யார் என்று பாருங்கள். உரிமையுள்ள கை தடுக்கப்பட்டால் அந்தக் கைக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். அவ்வாறு நிற்பதே குமரனுக்குச் செய்யும் மரியாதை. மற்றதெல்லாம் வெறும் மாலைச் செலவே என்பது நமது அபிப்பிராயம்.