நோட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க முதலாளி! மரவள்ளி வியாபாரத்துக்கு ஒரு மென்பொருள் செய்வது எப்படி?

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு காட்டில் காலையில் பிடுங்கிய மரவள்ளிக் கிழங்கு, கச்சிராயபாளையம் வழியாக இறங்கி, சின்னசேலத்தைத் தாண்டி, ஆத்தூர்ப் பக்கம் இருக்கும் ஒரு ஜவ்வரிசி ஆலைக்குப் போய்ச் சேர்கிறது. பிடுங்கிய கிழங்கு காத்திருக்காது. இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பித்துவிடும். அதனால் வண்டி, கூலியாள், எடை, பணம் எல்லாமே அவசரத்தில்தான் நடக்கும். அந்த அவசரக் கணக்கு முழுவதும் இருப்பது ஒரு நீள நோட்டில். நோட்டு இருப்பது, கிழங்கை வாங்கி ஆலைக்கு அனுப்பும் வியாபாரியின் மேசை டிராயரில்.

ஒரு வாரம் கழித்து மலையிலிருந்து போன் வருகிறது. "அண்ணே, நம்ம லோடுக்கு எத்தனை பாயிண்ட் போட்டாங்க?"

"இருபத்தாறுப்பா."

"போன தடவை இருபத்தெட்டு வந்துச்சே அண்ணே?"

இந்த 'பாயிண்ட்'தான் மரவள்ளி வியாபாரத்தின் உயிர். கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது என்று ஆலையில் சோதித்துப் போடும் புள்ளி அது. விலை அதை ஒட்டித்தான் ஏறும், இறங்கும். ஒரு பேச்சுக்கு, பாயிண்டுக்கு டன்னுக்கு 250 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 28 பாயிண்ட் என்றால் டன் 7,000 ரூபாய். 26 என்றால் 6,500. எட்டு டன் லோடில் வித்தியாசம் 4,000 ரூபாய். பத்து மாதம் காத்திருந்த விவசாயிக்கு அது சின்னத் தொகை இல்லை. வியாபாரி பொய் சொல்லியிருக்க மாட்டார். ஆனால், உண்மையைத்தான் சொன்னேன் என்று காட்ட அவர் கையிலும் ஒன்றும் இருக்காது.

இப்படி ஒரு வியாபாரி, 'நமக்கும் ஒரு சாஃப்ட்வேர் பண்ணிக்கலாமா?' என்று யோசிக்கத் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். மரவள்ளி என்பது ஓர் உதாரணம்தான். கள்ளக்குறிச்சியில் மரச்சிற்பப் பட்டறை வைத்திருப்பவருக்கும், பால் ஏஜென்ட்டுக்கும், வாடகைப் பாத்திரக் கடைக்காரருக்கும் இதே கேள்விதான், இதே பள்ளம்தான்.

முதல் பள்ளம்

பெரும்பாலும் கதை இப்படி ஆரம்பிக்கும். சொந்தக்காரப் பையன் ஒருவன் கம்ப்யூட்டர் படித்திருப்பான். அல்லது சேலத்திலிருந்து யாராவது வருவார்கள். லேப்டாப்பைத் திறந்து, வண்ண வண்ணமாக வட்டங்கள், ஏறி இறங்கும் கோடுகள் எல்லாம் காட்டுவார்கள். "ஆப் பண்ணிடலாம் சார், விவசாயி லாகின், டிரைவர் லாகின், ஆலைக்கு ஒரு லாகின்..." என்று பட்டியல் நீளும். கேட்பவருக்கும் ஆசையாக இருக்கும். முன்பணம் கை மாறும். ஆறு மாதம் கழித்து, லாகின் எல்லாம் இருக்கும், முன்பணத்தைக் கழிக்க மட்டும் இடம் இருக்காது. மேசை டிராயர் மறுபடி திறக்கும்.

தப்பு எங்கே? யாரும் அந்த நோட்டைப் படிக்கவில்லை.

மென்பொருள் செய்ய வருபவர் முதல் இரண்டு நாள் லேப்டாப்பைத் திறக்கவே கூடாது. வியாபாரியின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, போன சீசன் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். தேதி, ஊர், பெயர், வண்டி நம்பர், எடைமேடைச் சீட்டின் எடை, மண்ணுக்கென்று கழித்த எடை, பாயிண்ட், விலை, பிடுங்குகூலி, ஏற்றுகூலி, வண்டி வாடகை, முன்பணம், பாக்கி. இவை எழுதியிருப்பவை. எழுதாதவைதான் முக்கியம். சில பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சுழி இருக்கும். ஏன் என்று கேட்டால், "அவருக்கு வண்டி வாடகை பிடிக்க மாட்டோம், ரோட்டுக்கே கொண்டு வந்து போட்டுடுவார்" என்பார். ஒரு பக்கத்தில் இரண்டு பெயர் சேர்ந்து இருக்கும். அண்ணன் தம்பி காடு, ஒரே வண்டியில் ஏற்றியது, பணத்தை மட்டும் பிரித்துக் கொடுக்க வேண்டும். இந்தச் சுழியும் இந்தப் பிரிப்பும்தான் அந்த வியாபாரம். கடையில் விற்கும் ரெடிமேட் மென்பொருளில் இவை இருக்காது. இவற்றை விட்டுவிட்டால், புதிதாகச் செய்ததிலும் இருக்காது.

உலகத்திலேயே வியாபாரக் கணக்குக்காக ஒரு கம்ப்யூட்டரை முதன்முதலில் அன்றாட வேலைக்குப் பயன்படுத்தியது யார் தெரியுமா? ஒரு டீக்கடை கம்பெனி. இங்கிலாந்தில் நூற்றுக்கும் மேற்பட்ட டீக்கடைகளை நடத்திய ஜே.லயன்ஸ் நிறுவனம், தனக்கென்றே 'லியோ' என்ற கம்ப்யூட்டரைக் கட்டியது. 1951 நவம்பரில் அது பேக்கரிக் கணக்கைப் போட ஆரம்பித்தது. லயன்ஸ்காரர்கள் கம்ப்யூட்டர் வருவதற்குப் பல வருடங்கள் முன்பிருந்தே, குமாஸ்தாக்கள் எந்தத் தாளை எதற்காக எழுதுகிறார்கள் என்று ஆராய்வதற்குத் தனியாக ஆட்களை வைத்திருந்தார்கள்.

பிறகு கடைகளுக்குத் தினமும் பலகாரம் அனுப்பும் வேலையை லியோவிடம் கொடுத்தபோது அவர்கள் செய்த ஒரு காரியம் இன்றைக்கும் பாடம். ஒவ்வொரு கடைக்கும் ஒரு வழக்கமான ஆர்டர் உண்டு. கடையை நடத்தும் பெண் அதில் ஏதாவது மாற்றம் இருந்தால் மட்டும் போனில் சொன்னால் போதும். மாறாததைத் திரும்பத் திரும்பக் கேட்பதில்லை. நம் மரவள்ளி வியாபாரிக்கும் அதுவேதான். ஊரைத் தொட்டால் வழக்கமான வண்டி வாடகை தானாக வர வேண்டும். மாறியிருந்தால் மட்டும் திருத்தட்டும். ராத்திரி ஒன்பது மணிக்குக் களைத்துப்போய் வந்து உட்காருகிறவரிடம் பதினாறு கட்டத்தை நிரப்பச் சொன்னால், அவர் நிரப்ப மாட்டார். அது அவர் குற்றமும் இல்லை.

பெயரும் சிக்னலும்

வெளிநாட்டு மாதிரியைப் பார்த்துச் செய்கிற படிவங்களில் 'முதல் பெயர்', 'குடும்பப் பெயர்' என்று இரண்டு கட்டம் இருக்கும். கல்வராயன் மலையில் குடும்பப் பெயருக்கு எங்கே போவது? அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். 'மேட்டுவளவு ராமசாமி', 'கடைக்கார ராமசாமி' என்றால்தான் ஆளைத் தெரியும். அந்த அடையாளப் பெயருக்கு ஒரு கட்டம் வேண்டும். அப்பா பெயருக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று. போன் நம்பரை வைத்து ஆளைப் பிரித்துவிடலாம் என்று நினைத்தால் அதுவும் தப்பு. ஒரு வீட்டில் மூன்று பேருக்கு ஒரே போன் இருக்கலாம். அடுத்த சீசனில் நம்பரே மாறியிருக்கலாம். வியாபாரி தானே கொடுக்கும் ஓர் எண்தான் நிலைக்கும். ஆதார் நகலை வாங்கிச் சேர்த்து வைக்கும் ஆசை மட்டும் வேண்டவே வேண்டாம். கிழங்குக் கணக்குக்கு அது தேவையும் இல்லை. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அடுத்தவர் விவரங்களை வாங்கி வைத்திருப்பவருக்குப் பொறுப்பையும் சேர்த்தே கொடுக்கிறது.

அடுத்தது சிக்னல். மலையில் எல்லா இடத்திலும் கிடைக்காது. பிரவுசரில் ஓடும் மென்பொருளை, இணையம் இல்லாதபோது போனிலேயே எழுதி வைத்துக்கொண்டு, சிக்னல் வந்ததும் சர்வருக்கு அனுப்பும்படி செய்ய முடியும். ஆனால் அதை முதல் நாளே சொல்லிச் செய்ய வேண்டும். கட்டி முடித்த வீட்டுக்கு அப்புறம் அஸ்திவாரம் போட முடியாது. இரண்டு பேர் இரண்டு போனில் சிக்னல் இல்லாமல் எழுதினால் லோடு நம்பர் மோதுமே என்றால், அதற்கு விடை ஏற்கெனவே கடையில் இருக்கிறது. ஆளுக்கொரு பில் புக், ஒன்றுக்கு 'அ' வரிசை, இன்னொன்றுக்கு 'ஆ' வரிசை. அதையே போனுக்கும் வைத்தால் தீர்ந்தது.

செய்யத்தான் வேண்டுமா?

இதைக் கேட்காமல் காசை எடுக்கக் கூடாது. பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்கா என்ற தொழிலதிபர் தன் கணக்குக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காமல் அலைந்தார். கணிதம் படித்த மகன் பரத் கோயங்காவிடமே எழுதச் சொன்னார். 1986-ல் அப்படிப் பிறந்ததுதான் இன்று நம் ஆடிட்டர் ஆபீஸ்களில் எல்லாம் ஓடும் 'டேலி'. மகனுக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஒரு தொழிலுக்காகச் செய்தது ஊருக்கே பொருந்திய கதை இது. இதை வைத்து எல்லாரும் சொந்தமாகச் செய்ய வேண்டும் என்று கிளம்பினால் சிக்கல். டேலி இருக்கும்போது ஜி.எஸ்.டி கணக்குக்கு இன்னொரு மென்பொருள் எதற்கு? பொதுவான கணக்கு அங்கேயே இருக்கட்டும். பாயிண்ட், பிடுங்குகூலி, முன்பணக் கழிவு என்று வேறெங்கும் கிடைக்காத பகுதியை மட்டும் செய்தால் போதும்.

அதையும் முதலில் கூகுள் ஷீட்டில் ஒரு மாதம் போட்டுப் பார்ப்பது நல்லது. செலவு கிடையாது. எந்தக் கட்டம் எப்போதும் காலியாகவே கிடக்கிறது, எந்த விவரத்துக்கு இடமில்லாமல் ஓரத்தில் எழுத வேண்டியிருக்கிறது என்று ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். அந்த ஷீட்தான் செய்பவருக்குக் கொடுக்க வேண்டிய வரைபடம். சிலருக்கு ஷீட்டே போதுமானதாகிவிடும். அதுவும் லாபம்தான்.

கையெழுத்துக்கு முன்னால்

பணம் கொடுத்துச் செய்யச் சொன்னால் அது நம்முடையது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி கம்ப்யூட்டர் புரோகிராமும் ஓர் எழுத்துப் படைப்பு. சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதலாளிக்குச் சொந்தம். வெளியிலிருந்து ஒப்பந்தத்துக்குச் செய்துகொடுப்பவர் எழுதினால், பொதுவாக உரிமை அவருக்குத்தான். அவர் எழுத்தில் கையெழுத்துப் போட்டு மாற்றிக்கொடுக்க வேண்டும். அந்தத் தாளில் எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால், ஐந்து வருடம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒரு வரி எழுதாததற்கு ஐந்தாவது வருடம் அழ வேண்டியிருக்கும்.

இன்னும் சில. இணையதள முகவரியை வியாபாரியின் பெயரிலும், அவருடைய மின்னஞ்சலிலும்தான் வாங்க வேண்டும். சர்வருக்கு அவர் கையிலிருந்தே பணம் போக வேண்டும். செய்த தம்பி நாளைக்கு வேலை கிடைத்து சென்னைக்குப் போய்விட்டால், கணக்கு அவனோடு போகக் கூடாது. வாரம் ஒருமுறை எல்லா விவரமும் ஒரு ஷீட்டாக வியாபாரியின் கைக்கு வர வேண்டும். பணத்தை மாதக் கணக்கில் கொடுக்காமல், வேலை செய்யும் திரைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பது இரு பக்கமும் நல்லது. செய்பவருக்கும் ஒரு நியாயம் உண்டு. "சும்மா ஒரு சின்ன மாற்றம்தான் தம்பி" என்று தினமும் கேட்டுக்கொண்டே இருந்தால் யாராலும் முடிக்க முடியாது. புதிதாகத் தோன்றுவதையெல்லாம் தனித்தாளில் எழுதி வைத்து, முதல் பாகம் முடிந்த பிறகு பேசலாம்.

முதல் பாகத்துக்கு மூன்று திரை போதும். லோடு ஏற்றும்போது ஒன்று. ஆலையிலிருந்து எடையும் பாயிண்டும் வந்ததும் எழுத ஒன்று, அதிலேயே ஆலை கொடுத்த சீட்டைப் போட்டோ எடுத்துச் சேர்க்க வசதி. மூன்றாவது, பணம் கொடுக்க. எழுதியதை அழிக்கும் பட்டன் எதிலும் கூடாது. பழைய பேரேட்டில் தப்பு வந்தால் ஒரு கோடு அடித்து, மேலே திருத்தி எழுதுவார்கள். அடியில் இருக்கும் எண் தெரியும். மென்பொருளிலும் பழைய எண், திருத்திய எண், திருத்தியவர், நேரம் எல்லாம் தெரிய வேண்டும்.

இவ்வளவும் வியாபாரிக்கு. விவசாயிக்கு என்ன? பணம் கொடுத்த அன்று ஒரு சீட்டு. எடை, கழிவு, பாயிண்ட், விலை, பிடித்த கூலி, பிடித்த முன்பணம், கையில் கொடுத்தது, மிச்ச முன்பணம். தமிழில், பெரிய எழுத்தில். வாட்ஸ்அப் இருந்தால் ஆலைச் சீட்டின் போட்டோவோடு அனுப்பலாம். இல்லாவிட்டால் சின்ன பிரின்டரில் அடித்து வண்டிக்காரரிடம் கொடுத்து அனுப்பலாம். செய்பவர் கொடுக்கும் பட்டியலில் இது எப்போதும் கடைசியில், 'பிறகு பார்க்கலாம்' என்ற இடத்தில்தான் இருக்கும். இதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

வியாபாரிக்கு இதில் தயக்கம் வரும். எல்லாவற்றையும் காட்டிவிட்டால் பேரம் பேசுவார்களே, மிச்ச முன்பணத்தைப் பார்த்து வேறு வியாபாரியிடம் போய்விடுவார்களே என்று தோன்றும். போகவும் செய்யலாம். அந்த முடிவை மென்பொருள் செய்பவர் எடுக்க முடியாது. ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு நாளில் கேட்க வேண்டிய கேள்வி அது.

எல்லாம் தயாரான பிறகு ஒரு சீசன் முழுக்க நோட்டும் போனும் சேர்ந்தே ஓடட்டும். வெள்ளிக்கிழமைதோறும் இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். முதல் மாதம் இரண்டும் ஒத்துப் போகாது. அப்போது போனைத் திட்டத் தோன்றும். நோட்டில் கூட்டல் தப்பாக இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.