தஞ்சம் கோருவோரும் அரசின் கடமையும்

நாட்டின் எல்லைகளைத் திறந்துவிடுவதா, இறுக மூடுவதா என்ற விவாதம் மேற்குலகில் தேர்தல் முடிவுகளையே தீர்மானிக்கும் அளவுக்கு வளர்ந்துள்ளது. அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் 2025 ஜனவரி 20 ஆம் திகதி பதவியேற்ற அன்றே, அகதிகளை ஏற்கும் திட்டத்தை இடைநிறுத்தினார். இது தூர தேசத்து விவகாரம் என எம்மால் ஒதுங்கியிருக்க முடியாது.

2024 டிசம்பர் 19 ஆம் திகதி, நூற்றுக்கும் அதிகமான ரோஹிங்யா முஸ்லிம்களுடன் ஒரு படகு முள்ளிவாய்க்கால் கடற்கரையை வந்தடைந்தது. அதில் பெண்களும் சிறுவர்களும் இருந்தனர். அவர்களுக்கு முதலில் உணவும் நீரும் கொடுத்தவர்கள் அப்பகுதி மீனவர்களே. 2009 இல் அதே கரையில் நடந்தவற்றை அறிந்தவர்களுக்கு இது வியப்பளித்திராது.

அதன் பின்னரே அரசு வந்தது. திருகோணமலைக்குக் கொண்டு செல்லப்பட்ட அவர்கள், பின்னர் கேப்பாப்புலவு விமானப்படை முகாமில் தங்கவைக்கப்பட்டனர். அங்கு சென்ற மனித உரிமைகள் ஆணைக்குழு அதிகாரிகளுக்கே ஆரம்பத்தில் அனுமதி மறுக்கப்பட்டது. இது ஆட்கடத்தல் என்றும், வந்தவர்கள் திருப்பி அனுப்பப்படுவர் என்றும் பொறுப்பான அமைச்சர் கூறினார். எந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புவது? மியன்மாரின் 1982 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 2017 ஓகஸ்டில் தொடங்கிய இராணுவ நடவடிக்கையால் ஏழு இலட்சத்துக்கும் அதிகமானோர் பங்களாதேஷுக்கு ஓடினர். சட்டமொன்றினால் ஒரு மக்கள் கூட்டம் நாடற்றதாவது எவ்வாறு என்பதை 1948 இன் பின் மலையகத் தமிழர் பட்ட பாட்டிலிருந்து நாம் அறிவோம்.

எல்லையைக் காப்பது அரசின் உரிமை என்பதில் எமக்கு மாறுபட்ட கருத்தில்லை. வருவோர் அனைவருக்கும் கதவைத் திறந்துவிடுமாறு நாம் கேட்கவுமில்லை. 2022 இல் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற மக்கள், இன்னொருவருக்குச் சோறு போட எம்மால் முடியுமா எனக் கேட்பதில் தவறில்லை. ஆட்கடத்தல்காரர் தண்டிக்கப்படவும் வேண்டும். ஆனால் கடத்துபவனையும் கடத்தப்பட்டவனையும் ஒரே தட்டில் வைப்பது எந்த வகையில் நியாயம்?

2010 ஓகஸ்டில் 'சன் சீ' கப்பலில் 492 இலங்கைத் தமிழர் கனடாவைச் சென்றடைந்தபோது, அந்நாட்டு அரசு அவர்களை இன்முகத்துடன் வரவேற்கவில்லை. தடுத்து வைத்தது, பலரைப் பல மாதங்கள் வைத்திருந்தது. எனினும், ஒவ்வொருவரது கோரிக்கையும் தனித்தனியே விசாரிக்கப்பட்டது. சிலர் ஏற்கப்பட்டனர், சிலர் நிராகரிக்கப்பட்டனர். கடுமையான அரசு என்பது வேறு, சட்டமில்லாத அரசு என்பது வேறு.

இலங்கையில் அவ்வாறு விசாரிப்பதற்குச் சட்டமே இல்லை. 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் நாம் இணையவில்லை. 1948 ஆம் ஆண்டின் குடிவரவு, குடியகல்வுச் சட்டத்தின் பார்வையில் அகதியும் விசா இல்லாத வெளிநாட்டவரே. விசாரணையை ஐ.நா. அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயத்திடம் விட்டுவிட்டு, ஏற்கப்பட்டோரை மூன்றாம் நாடொன்று அழைத்துச் செல்லும்வரை தொழில் செய்யும் உரிமையின்றிக் காத்திருக்க வைப்பதே இங்கு வழமையாக இருந்து வந்தது. வொஷிங்டனின் முடிவுக்குப் பின் அந்த வாசலும் ஒடுங்கிவிட்டது.

சட்டம் இல்லாத இடத்தில் அச்சம் ஆட்சி செய்கிறது. 2014 இல் பாகிஸ்தானியப் புகலிடக் கோரிக்கையாளர்கள் நாடு கடத்தப்பட்டனர். 2019 ஏப்ரல் குண்டுத்தாக்குதல்களின் பின், நீர்கொழும்பில் வாடகை வீடுகளிலிருந்து விரட்டப்பட்ட அகதிகள் பொலிஸ் நிலையத்திலும் பள்ளிவாசலிலும் தஞ்சமடைய நேர்ந்தது.

1994 இல் நாம் இணைந்துகொண்ட சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தின் 3 ஆம் உறுப்புரை, சித்திரவதைக்கு உள்ளாகும் ஆபத்துள்ள நாட்டுக்கு எவரையும் அனுப்பலாகாது என்கிறது. அவ்வுறுப்புரையை அடிப்படையாகக் கொண்டு ஒரு புகலிடச் சட்டமூலத்தைத் தயாரிக்கும் பொறுப்பு பாராளுமன்றத்தினுடையது. யார் விசாரிப்பது, எத்தனை நாட்களுக்குள் விசாரிப்பது, மேன்முறையீடு எங்கே செய்வது, காத்திருக்கும் காலத்தில் பிள்ளைகள் எந்தப் பாடசாலைக்குச் செல்வது என்பன அதில் எழுதப்பட வேண்டும். இன்னொரு படகு எப்போது வரும் என்பதை எமது அரசு தீர்மானிக்கப் போவதில்லை.