சுற்றுலா பர்மிட்டில் பிழைப்புப் பயணம்

புதுதில்லி: தில்லியிலிருந்து பிகார் மாநிலத்தின் மோதிஹாரி, சீதாமடி, முசாஃபர்பூர் போன்ற நகரங்களுக்குச் செல்லும் தனியார் படுக்கைப் பேருந்துகளில் ஏறுவோரில் பெரும்பாலோர் கட்டடத் தொழிலாளர்கள், ஆலைத் தொழிலாளர்கள், வீட்டு வேலை செய்து பிழைப்போர். ஏறத்தாழ ஆயிரம் கிலோ மீட்டர் தொலைவைக் குறைந்த செலவில் கடக்க விரும்பும் இவர்கள், ஆவணங்களில் "சுற்றுலாப் பயணிகள்" ஆகிவிடுகின்றனர். ஏனெனில், இத்தகைய பேருந்துகள் பெரும்பாலும் சுற்றுலா வாகனம் என்ற பெயரில்தான் பர்மிட் பெறுகின்றன.

நகரங்களுக்கிடையே ஓடும் தனியார் மலிவுக் கட்டணப் பேருந்துப் போக்குவரத்தின் பெரும்பகுதி இந்தப் பாசாங்கின் மீதே நிற்கிறது. இதை மத்திய அரசும் அறியும். மாநில அரசுகளும் அறியும். ஆனால், விபத்தில் உயிர்கள் பலியாகும்போது மட்டுமே இதுபற்றிப் பேசப்படுகிறது.

சட்டம் சொல்வது என்ன?

1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பயணிகள் பேருந்துகளை முக்கியமாக இரு வகையாகப் பிரிக்கிறது. தனித்தனிக் கட்டணம் பெற்று, வழியில் ஆங்காங்கே பயணிகளை ஏற்றி இறக்கிச் செல்வது "ஸ்டேஜ் கேரேஜ்". ஒப்பந்தத்தின்பேரில் முழு வண்டியாக வாடகைக்குச் செல்வது "கான்ட்ராக்ட் கேரேஜ்". சுற்றுலாப் பேருந்து இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. ஒப்பந்தத்தில் இடம்பெறாத பயணிகளை வழியில் ஏற்றவோ இறக்கவோ அதற்கு அனுமதி இல்லை.

நடைமுறையில், தமிழகத்தின் ஆம்னி பேருந்துகளைப் போலவே வட மாநிலங்களின் தனியார் பேருந்துகளும் இருக்கைதோறும் டிக்கெட் விற்று, குறித்த நேரத்தில், குறித்த வழித்தடத்தில் ஓடுகின்றன. கான்ட்ராக்ட் கேரேஜ் கட்டணத்தை நிர்ணயிக்கவும் 67-வது பிரிவு மாநில அரசுகளுக்கு அதிகாரம் அளிக்கிறது. ஆனால், முழு வண்டிக்கு வாடகை என்ற அடிப்படையில் அமைந்த பர்மிட்டில், தனி இருக்கைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு விதிப்பது சிக்கலாகிறது. உத்தரப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழகம் 2023 பிப்ரவரியில் சாதாரணப் பேருந்துக் கட்டணத்தைக் கிலோ மீட்டருக்கு ரூ. 1.05-லிருந்து ரூ. 1.30 ஆக உயர்த்தியபோது அது முறைப்படி அறிவிக்கப்பட்டது. அரசைக் கேள்வி கேட்கவும் முடிந்தது. சத் பூஜை, ஹோலி நாள்களில் தனியார் பேருந்துக் கட்டணம் பன்மடங்கு உயரும்போது கேள்வி கேட்க அப்படி ஓர் இடம் இல்லை.

தில்லி வழித்தட வழக்கு

அரசுக்கும் தனியாருக்கும் இடையிலான இப் பிணக்கு புதிதல்ல. 1950-களின் தொடக்கத்தில் உத்தரப் பிரதேச அரசு பேருந்துப் போக்குவரத்தைத் தன்வசப்படுத்த முயன்றபோது, புலந்த்சாகர் - தில்லி வழித்தடத்தில் பேருந்து இயக்கியவர்கள் நீதிமன்றம் சென்றனர். 1954-ல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இதைத் தொடர்ந்து 1955-ல் அரசியல் சட்டத்தின் 4-வது திருத்தமும், 1956-ல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தமும் வந்தன. வழித்தடங்களை அரசுடைமையாக்கும் அதிகாரம் இவ்வாறு உறுதிப்பட்டது.

ஆனால், எல்லா மாநிலங்களும் அந்தப் பொறுப்பைத் தொடர்ந்து சுமக்கவில்லை. மத்தியப் பிரதேசம் 2005-ல் தனது போக்குவரத்துக் கழகத்தை மூட முடிவு செய்தது. பிகாரில் அரசுப் பேருந்துகளின் எண்ணிக்கை தேவைக்கு முன்னால் மிகச் சிறிது. அரசு விலகிய இடத்தைச் சுற்றுலா பர்மிட் பேருந்து நிரப்பியது.

ரயில் இருக்கிறதே என்று கேட்கலாம். முன்பதிவற்ற பெட்டியில் பேருந்தைவிடக் கட்டணம் குறைவுதான். ஆனால், உட்கார இடம் உறுதியில்லை. 2025 பிப்ரவரி 15-ம் தேதி இரவு புதுதில்லி ரயில் நிலைய நெரிசலில் 18 பேர் இறந்தனர். கூட்டத்துக்கு அஞ்சுவோருக்கும் முன்பதிவு கிடைக்காதோருக்கும் மிஞ்சுவது பேருந்தே.

நாடாளுமன்றம் திறந்த கதவு

2016-ல் மக்களவையில் அறிமுகமான மோட்டார் வாகனத் திருத்த மசோதா, 2017-ல் அங்கு நிறைவேறியும் மாநிலங்களவையில் தேங்கி, மக்களவை கலைக்கப்பட்டதால் காலாவதியானது. 2019 ஜூலையில் மீண்டும் கொண்டுவரப்பட்டு நிறைவேறியது. அபராத உயர்வைப் பற்றியே நாடெங்கும் பேசப்பட்ட அச் சட்டத்தில், அதிகம் கவனிக்கப்படாத பிரிவு 88-ஏ. மாநிலங்களுக்கிடையிலான பயணிகள் போக்குவரத்துக்குத் தனித் திட்டங்கள் வகுக்க இது மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. மாநில உரிமை பறிபோகிறது என்று எதிர்க்கட்சிகள் அப்போதே குரல் எழுப்பின.

ஆயினும், மத்திய அரசு முதலில் கையிலெடுத்தது சுற்றுலா பர்மிட்டைத்தான். 2021-ல் ஒரு விதித் தொகுப்பும், அதற்கு மாற்றாக 2023 மே 1 முதல் அகில இந்திய சுற்றுலா வாகன பர்மிட் விதிகளும் நடைமுறைக்கு வந்தன. இணையவழியில் விண்ணப்பித்து ஏழு நாள்களில் முடிவு வராவிட்டால் பர்மிட் வழங்கப்பட்டதாகவே கருதப்படும். பயணிகள் பட்டியலில் ஒவ்வொருவரும் ஏறும் இடம், இறங்கும் இடம் இரண்டும் இருக்க வேண்டும் என்றும் விதி கூறுகிறது.

இந்த ஒரு வரியே புதிய சர்ச்சைக்கு வித்திட்டது. வெவ்வேறு இடங்களில் ஏற்றி இறக்க இதுவே அனுமதி என்பது பேருந்து உரிமையாளர்கள் தரப்பு வாதம். சட்டத்தை விதி மாற்ற முடியாது என்பது மாநிலங்களின் பதில். 2023-ல் கேரளத்தின் பத்தனம்திட்டாவிலிருந்து கோவைக்கு இயக்கப்பட்ட ஒரு பேருந்தை அதிகாரிகள் திரும்பத் திரும்ப மறித்து அபராதம் விதித்தது இதன் எதிரொலிதான். 2024 ஜூனில் வெளிமாநிலப் பதிவெண் கொண்ட ஆம்னி பேருந்துகள் தமிழகத்துக்குள் இயங்கத் தமிழக அரசு தடை விதித்ததும் இதே பிணக்கின் இன்னொரு முகம்.

மாநிலங்களின் கவலை நியாயமற்றதல்ல. மோட்டார் வாகனங்கள் பொதுப் பட்டியலில் உள்ளன. வாகன வரியும் பயணிகள் வரியும் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை. வரி குறைந்த மாநிலத்தில் பதிவு செய்துவிட்டு வேறிடத்தில் ஓட்டினால் வருவாய் போகிறது. லாபமான நெடுந்தொலைவு வழித்தடங்களைத் தனியார் எடுத்துக்கொண்டால், நஷ்டத்தில் கிராமங்களுக்கு ஓடும் அரசுப் பேருந்துகள் நின்றுபோகும் அபாயமும் உண்டு.

பொறுப்பு யாருக்கு?

இந்த இழுபறியில் பயணியின் பாதுகாப்பு யாருடைய பொறுப்பும் இல்லாமல் போகிறது. 2021 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி அருகே, ஹரியாணாவிலிருந்து பிகார் திரும்பிய தொழிலாளர்களின் பேருந்து பழுதாகி நின்றது. மாற்று ஏற்பாடு இல்லாததால் பேருந்தின் முன் சாலையிலேயே படுத்துறங்கிய 18 பேர், பின்னால் வந்து மோதிய லாரியால் உயிரிழந்தனர். 2024 ஜூலையில் உன்னாவ் அருகே, பிகாரிலிருந்து தில்லி வந்த படுக்கைப் பேருந்து பால் டேங்கர் மீது மோதியதில் மீண்டும் 18 பேர் இறந்தனர். அப் பேருந்தின் ஆவணக் குறைகள் விபத்துக்குப் பிறகே வெளியாயின.

2025 அக்டோபரில் பத்து நாள் இடைவெளியில் ராஜஸ்தானின் ஜெய்சால்மர் அருகிலும் ஆந்திரத்தின் கர்னூல் அருகிலும் இரு தனியார் படுக்கைப் பேருந்துகள் தீப்பற்றின. கர்னூலில் மட்டும் பயணிகள் 19 பேர் பலியாயினர். ஹைதராபாதிலிருந்து பெங்களூர் சென்ற அப் பேருந்து முதலில் பதிவானது டாமன்-டையூவில். படுக்கைப் பேருந்துகளுக்கெனக் கட்டுமான விதிகள் இருக்கின்றன. பதிவு ஓரிடம், ஓட்டம் வேறிடம் என்றிருக்கையில் அவ் விதிகளைச் சோதிப்பது எந்த மாநிலம் என்பதே கேள்வி.

வரியிலும் முரண்பாடு உண்டு. குளிர்சாதன வசதியற்ற பேருந்துப் பயணத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உள்ளது. ஆனால், 2022 ஜனவரி 1 முதல் அதே டிக்கெட்டை இணையத் தளம் அல்லது செயலி வழியாக வாங்கினால் 5 சதவீத வரி. முன்பதிவு செய்து ஒழுங்காகப் பயணிக்க முயலும் ஏழைப் பயணிக்கே இச் சுமை.

தீர்வு உண்டா?

ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிளிக்ஸ்பஸ் நிறுவனம் 2024 பிப்ரவரியில் தில்லியை மையமாகக் கொண்டு இந்தியாவில் நுழைந்தது. சொந்தப் பேருந்து இல்லாமல், உள்ளூர் உரிமையாளர்களின் பேருந்துகளைத் தன் பெயரில் இயக்குவது அதன் முறை. இச் சந்தை வளரும் என்பதற்கு இது அடையாளம். டிக்கெட் விற்பவர் ஒருவர், பேருந்து வைத்திருப்பவர் மற்றொருவர் என்னும் நிலையில் பொறுப்பை வரையறுக்க வேண்டிய அவசியமும் கூடுகிறது.

88-ஏ பிரிவின் கீழ், மாநிலங்களின் ஒப்புதலுடன் நகரங்களுக்கிடையிலான பேருந்துக்கெனத் தனி பர்மிட் உருவாக்க முடியும். அறிவிக்கப்பட்ட கால அட்டவணை, பண்டிகைக் காலக் கட்டண வரம்பு, நெடுந்தொலைவுக்கு இரு ஓட்டுநர்கள், பழுதானால் மாற்றுப் பேருந்து ஆகியவற்றை அதன் நிபந்தனைகளாக்கலாம். ஓடிய தொலைவுக்கேற்ப வரியை மாநிலங்களுக்குப் பகிர்ந்து, அதில் ஒரு பங்கைக் கிராம வழித்தடங்களுக்கு ஒதுக்கினால் மாநிலங்களின் எதிர்ப்பும் தணியும். சென்னை கோயம்பேட்டில் ஆம்னி பேருந்துகளுக்கு நிலையம் அமைந்ததுபோல், தலைநகரிலும் சாலையோரத்தில் காத்திருப்போருக்குக் கூரையும் கழிப்பறையும் கிடைக்கும்.

இதற்கு நாடாளுமன்றத்தில் புதிய சட்டம் தேவையில்லை. இப் பேருந்துகளில் ஏறுவோர் சுற்றுலாப் பயணிகள் அல்லர் என்பதை மத்திய, மாநில அரசுகள் எழுத்தில் ஒப்புக்கொள்வதே முதல் தேவை.