பெர்லின் குடிக்காத காபி

1977ல் கிழக்கு ஜெர்மனியில் காபிக்குத் திண்டாட்டம். இரண்டு வருடம் முன்பு பிரேசிலில் விழுந்த உறைபனியால் உலகச் சந்தையில் விலை எகிறியிருந்தது. கையில் டாலர் இல்லாத அரசு, பாதி காபியும் மீதி பட்டாணி, சிக்கரி வகையறாவும் கலந்த தூளைக் கடைகளுக்கு அனுப்பியது. போர், வறுமை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்ட ஜனங்களுக்கு இது மட்டும் பொறுக்கவில்லை.

தோழமை நாடான வியட்நாம் நினைவுக்கு வந்தது. 1857லேயே பிரெஞ்சுப் பாதிரிமார்கள் அங்கே காபிச் செடியைக் கொண்டுபோயிருந்தார்கள். 1980ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. லாரிகள், இயந்திரங்கள், ஒரு நீர்மின் நிலையம் எல்லாம் ஜெர்மனியின் செலவு. பதிலுக்கு இருபது ஆண்டுகளுக்கு விளைச்சலில் பாதி. டக் லக் மலைப்பகுதியில் நட்ட செடிகள் நன்றாகக் காய்க்கத் தொடங்கியபோது, 1990ல், கிழக்கு ஜெர்மனி என்ற நாடே இல்லை.

ஆனால் செடிகள் இருந்தன. 1986ன் டோய் மோய் சீர்திருத்தத்துக்குப் பிறகு சமவெளியிலிருந்து குடும்பம் குடும்பமாக மலையேறினார்கள். காடு போய்த் தோட்டம் வந்தது. எதே போன்ற மலைவாழ் மக்களின் நிலமும் கைமாறியது. 2001ல் அவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். காபியின் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் பக்கம் இது.

தொண்ணூறுகளின் முடிவில் பிரேசிலுக்கு அடுத்த இடம் வியட்நாமுக்கு. உலக விலை தரைமட்டத்துக்கு வந்தது. குடகிலும் வயநாட்டிலும் ரொபஸ்டா போட்டவர்கள் வியட்நாமைச் சபித்தார்கள். முழுப் பழியும் அவர்கள் மேல் இல்லை. ஏற்றுமதிக்கு அளவு வைத்திருந்த சர்வதேச ஏற்பாடு 1989லேயே சரிந்துவிட்டது.

இவ்வளவு விளைந்தும் பெயர் இல்லை. அங்கே விளைவதில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் ரொபஸ்டா. அராபிகாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபீன், கசப்பும் அதிகம். கனவான்கள் முகம் சுளிக்கும் சரக்கு. யாரோ ஒருவருடைய இன்ஸ்டன்ட் டப்பாவுக்குள் அடையாளமில்லாமல் போய்ச் சேர்ந்தது.

இன்று அந்தக் கசப்பையே கேட்டு வாங்குகிறார்கள். 'ஃபின்' என்ற சிறு தகர வடிகட்டி (நம்மூர் பில்டரின் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம்) டம்ளர் மேல் உட்கார்ந்து சொட்டுச் சொட்டாக இறக்குகிறது. அடியில் டின் பால், மேலே ஐஸ். பசும்பால் கிடைக்காத ஊரில் பிறந்த வழக்கம். 1946ல் பால் தட்டுப்பாட்டுக்கு மாற்றாக ஹனோய் ஓட்டல் ஊழியர் ஒருவர் முட்டை மஞ்சள் கருவை அடித்து ஊற்றியதும் இதே கதைதான். பஞ்சத்துக்குச் செய்தது பந்திக்கு வந்துவிட்டது. 2007ல் ஹனோயில் தொடங்கிய காங் காஃபே, 2018ல் சியோலில் கடை திறந்தது. அமெரிக்காவிலும் வியட்நாமிய அகதிகளின் பிள்ளைகள் 'ரொபஸ்டா' என்ற சொல்லைப் பாக்கெட்டில் பெருமையோடு அச்சிடுகிறார்கள்.

விவசாயிக்கு என்ன? பல வருடம் கட்டுப்படியாகாமல், பலர் காபியை வெட்டிவிட்டு, சீனாவுக்குப் போகும் துரியன் பழ மரம் வைத்தார்கள். வறட்சியும் சேர்ந்து விளைச்சல் குறைய, 2024ல் லண்டனில் ரொபஸ்டா டன் 5,000 டாலரைத் தாண்டியது. முன்பே குறைந்த விலை பேசியிருந்த வியாபாரிகள் பலருக்குச் சரக்கு வந்து சேரவில்லை. தினமும் லண்டன் விலையைப் பார்த்தபடி, மூட்டைகளை வீட்டிலேயே அடுக்கி வைத்துக் காத்திருந்தார்கள் விவசாயிகள்.