வாஷி பாலத்துக்கு அந்தப் பக்கம் வேலை, இந்தப் பக்கம் சர்டிபிகேட்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு வந்தாள். "மாமா, நீங்க மருந்துக் கம்பெனியிலதானே இருக்கீங்க? இதை வெச்சு எங்கயாவது வேலை கிடைக்குமா பாருங்க" என்றாள். பயோடெக்னாலஜியில் பி.எஸ்சி. முடித்த பிள்ளை. ஃபைலுக்குள் செல், ஜீன் சிகிச்சையில் பயிற்சி பெற்றதாகத் தங்க முத்திரை போட்ட ஒரு சர்டிபிகேட். 3 மாதம், 40,000 ரூபாய். அம்மாவின் வளையல் அடகில் இருக்கிறது.

"செல் வளர்த்துப் பார்த்தியாம்மா?"

"இல்ல மாமா, வீடியோ காட்டுனாங்க."

வயிறு எரிகிறது மக்களே. அதான் இந்தப் பதிவு.

விஷயம் என்னவென்றால், இந்தத் தொழில் நம் வாசலில்தான் இருக்கிறது. இந்தியாவின் முதல் கார்-டி சிகிச்சையான நெக்ஸ்கார்19, மும்பை ஐஐடியும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கியது. 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. செலவு அமெரிக்காவில் ஆவதில் சுமார் பத்தில் ஒரு பங்கு. டாடாவின் ஆராய்ச்சி மையமான ஆக்ட்ரெக் இருக்கும் கார்கருக்கு மான்கூர்டில் ரயில் ஏறினால் போதும். ஊர்ப் பக்கம் வேலூர் சி.எம்.சி.யில் ஹீமோபிலியா நோயாளிகள் 5 பேருக்கு ஜீன் சிகிச்சை கொடுத்த முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின.

இதற்கெல்லாம் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் மட்டும் போதுமா? நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்லைப் பிரிக்க வேண்டும், ஜீனை ஏற்ற வேண்டும், வளர்க்க வேண்டும், சோதிக்க வேண்டும், உறைய வைத்து அனுப்ப வேண்டும். ஒருவருடைய செல் இன்னொருவருக்குப் போய்விடக் கூடாது. அத்தனையும் சுத்த அறையில் கை பழகியவர்கள் செய்யும் வேலை. பி.எஸ்சி., டி.எம்.எல்.டி. படித்த பிள்ளைகளைப் பழக்கினால் செய்வார்கள்.

நான் பார்த்த விளம்பரங்களில் எல்லாம் 2 வருட அனுபவம் கேட்கிறார்கள். எல்லோரும் அனுபவம் கேட்டால் முதல் அனுபவத்தை யாரய்யா தருவது? கேட்டால், "ஒரு தப்பு நடந்தால் ஓர் உயிர் போகும்" என்கிறார்கள். நியாயம்தான். 20 வருடமாகத் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன், அந்தப் பயம் எனக்கும் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், வீடியோ சர்டிபிகேட்டுக்கு விடாமல் நீங்களே பழக்குங்கள்.

முடியாத காரியமா? அணுத்துறைக்கு ஆள் இல்லாதபோது ஹோமி பாபா அனுபவசாலிக்காகக் காத்திருக்கவில்லை. 1957-ல் டிராம்பேயில் பயிற்சிப் பள்ளியே தொடங்கினார். பின்னால் பி.எஸ்சி., டிப்ளமா, ஐடிஐ பிள்ளைகளுக்கும் உதவித்தொகையோடு பயிற்சி என்று வழி திறந்தார்கள். டாடா மெமோரியலும் ஆக்ட்ரெக்கும் அதே அணுசக்தித் துறையின் கீழ்தான் வருகின்றன. 1976 மே மாதம், எமர்ஜென்சி நேரத்தில், ஜனதா காலனியிலிருந்து நம் சனங்களைக் கிளப்பி இந்த சீத்தா கேம்ப்பில் கொண்டுவந்து போட்டது அந்தத் துறையின் இடத் தேவைக்குத்தான். நாம் பிச்சை கேட்கவில்லை. கூலியோடு ஒரு வருடப் பயிற்சி, அதில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சில இடம். கேட்க உரிமை இருக்கிறது.

நமக்கும் ஒரு குட்டு. மேடை போட்டு மார்க் வாங்கிய பிள்ளைக்குச் சால்வை போர்த்துவதோடு சங்கங்களின் கடமை முடிந்துவிடுகிறது. அடுத்த மாதம் அதே பிள்ளை எவனிடம் பணம் கட்டுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

பெற்றோர்களே, பணம் கட்டும் முன் மூன்றே கேள்வி: பிள்ளை தன் கையால் செல் வளர்க்குமா? எந்த ஆஸ்பத்திரியில், எந்த ஆலையில் எத்தனை நாள் நிற்கும்? போன வருடம் படித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்? பதில் மழுப்பலாக வந்தால் வளையலைக் கழற்றாதீர்கள்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு ரத்த வங்கியில் பயிற்சியாளராகச் சேர முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். சம்பளம் சொற்பம்தான். ஆனால் கையில் ரத்தப் பை இருக்கும், வீடியோ இருக்காது. உங்களில் யாருக்காவது வழி தெரிந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும்.