ரிக்கெல்மே: ஷா ஆலாமில் கோப்பை வென்ற மேதைக்கு ஏன் எல்லாரிடமும் சண்டை?

ஷா ஆலாம் செக்‌ஷன் 13 பக்கம் அண்மையில் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். 1994-ல் திறக்கப்பட்டு, 80,000 பேர் அமரக்கூடிய பெருமையோடு நின்ற பழைய அரங்கம் இப்போது இல்லை. 2020-ல் மூடினார்கள், 2024-ல் இடிக்கத் தொடங்கினார்கள். அதே இடத்தில் புதிய விளையாட்டு வளாகம் எழுகிறது.

சிலாங்கூர் ரசிகர்களுக்கு அந்த அரங்கம் என்றால் மலேசியக் கிண்ணம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் உலகக் காற்பந்து வரலாற்றிலும் அந்தப் புல்தரைக்கு ஒரு நாள் உண்டு: 1997 ஜூலை 5. உலக இளையர் கிண்ண இறுதியாட்டத்தில் அர்ஜென்டினா 2-1 என்று உருகுவேயைத் தோற்கடித்தது. நடுத்திடலில் அந்த அணியை ஆட்டுவித்தவர், பதினொரு நாள்களுக்கு முன்புதான் 19 வயதை எட்டியிருந்த ஹுவான் ரோமன் ரிக்கெல்மே.

அவரைப் பற்றி இப்போது ஏன் பேச வேண்டும்? அன்று கோப்பை தூக்கியவர் இன்று போக்கா ஜூனியர்ஸ் கிளப்பின் தலைவர். விளையாடிய காலத்தில் பயிற்றுநர்களோடும் தலைவர்களோடும் முட்டிக்கொண்டே இருந்தவர், இப்போது அந்தத் தலைவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார். சண்டை மட்டும் நிற்கவில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ மாலை நேரத்தில் ஏதாவது ஒரு திடல் ஓரமாக நின்று பாருங்கள். “நல்லா ஆடுவான், ஆனா அட்டிட்யூட் சரியில்ல” என்று யாரையாவது காட்டிச் சொல்லுவாங்க. உங்கள் தாமான் அணியிலும் அப்படி ஒருத்தன் இருந்திருப்பான். ஒருவேளை அது நீங்களாகவே இருக்கலாம். அந்த முத்திரை எப்போது நியாயம், எப்போது அநியாயம் என்று பார்க்க ரிக்கெல்மேயை விட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

மலேசியாவில் என்ன நடந்தது?

1997-ல் இங்கே வந்த பெயர்களைக் கேட்டால் இப்போது நம்ப முடியாது. பிரான்ஸுக்குத் தியெரி ஆன்றியும் தாவித் திரெசெகேவும் ஆடினார்கள், இங்கிலாந்துக்கு மைக்கல் ஓவன். உபசரணை நாடான மலேசியா பிரிவுச் சுற்றிலேயே வெளியேறியது, அதை இத்தோடு விட்டுவிடலாம்.

அர்ஜென்டினாவின் தொடக்கமும் சரியாக இல்லை. பிரிவுச் சுற்றில் ஆஸ்திரேலியாவிடம் 3-4 என்று தோற்றது. அதன்பின் இங்கிலாந்து, பிரேசில், அயர்லாந்து என்று வரிசையாக வீழ்த்தி இறுதிக்கு வந்தது. பயிற்றுநர் ஹொசே பெக்கர்மன் அதிகம் சத்தம் போடாத மனிதர். ரிக்கெல்மேயைத் திருத்த அவர் முயலவில்லை. அவனிடம் பந்தைக் கொடு, மற்றவர்கள் ஓடுங்கள் என்பதுதான் ஏற்பாடு.

அந்த அணியில் இன்னும் மூன்று பெயர்களைக் கவனியுங்கள்: லியோனல் ஸ்காலோனி, பாப்லோ ஐமார், வால்டர் சாமுவேல். 2022-ல் கத்தாரில் மெஸ்ஸி உலகக் கிண்ணம் தூக்கியபோது ஸ்காலோனிதான் தலைமைப் பயிற்றுநர், மற்ற இருவரும் அவருடைய துணைப் பயிற்றுநர்கள். ஷா ஆலாமில் ரிக்கெல்மேக்காக ஓடியவர்கள்தான் உலகத்தை வென்ற பயிற்றுநர் குழு ஆனார்கள். அந்த அணியிலேயே கைதேர்ந்தவன் அந்தப் பக்கம் போகவில்லை.

பந்தை நிறுத்தி வைக்கும் கலை

ரிக்கெல்மே 1978-ல் புவனோஸ் ஐரிஸ் மாநிலத்தில் பிறந்தவர், டான் டொர்குவாத்தோ என்ற ஏழைப் பகுதியில் பெரிய குடும்பத்தில் வளர்ந்தவர். 1996 நவம்பரில் போக்காவுக்காக முதல் ஆட்டம்.

அவருடைய இடத்துக்கு அர்ஜென்டினாவில் ‘என்கன்ச்சே’ என்று பெயர். கொக்கி என்று அர்த்தம். நடுத்திடலையும் தாக்குதல் வரிசையையும் கோத்துப் பிடிக்கும் கொக்கி. அவர் வேகமாக ஓடமாட்டார், பந்தை இழந்தால் துரத்தவும் மாட்டார். உள்ளங்காலைப் பந்தின்மேல் வைத்து, முதுகால் எதிராளியை மறித்துக்கொண்டு நிற்பார். திடலே ஒரு நொடி நின்றுவிடும். பிறகு வேறு யாருக்கும் தெரியாத ஓர் இடைவெளியில் பந்து போகும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. ஒருவர் ஓடாமல் நிற்க வேண்டுமென்றால், அவர் பின்னால் மூன்று பேர் அவருக்கும் சேர்த்து ஓட வேண்டும். அணியின் வேகமே அவர் கையில்... இல்லை, காலில். அவருடைய மனநிலை நன்றாக இருந்தால் பதினொரு பேரும் நன்றாக ஆடுவார்கள். அவர் முகம் தொங்கிவிட்டால் அன்று ஆட்டமே தொங்கிவிடும். சாதாரண ஆட்டக்காரரின் கோபம் உடைமாற்றும் அறையோடு முடிந்துவிடும். ரிக்கெல்மேயின் கோபம் ஆட்ட வியூகத்துக்குள்ளேயே வந்துவிடும்.

கார்லோஸ் பியாஞ்சி என்ற பயிற்றுநர் இதைப் புரிந்துகொண்டார். அவருக்குக் கீழே போக்கா 2000, 2001 என்று அடுத்தடுத்து லிபர்த்தடோரெஸ் கிண்ணம் வென்றது. 2000 நவம்பரில் தோக்கியோவில் ரியால் மாட்ரிட்டை 2-1 என்று வீழ்த்திய ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். இரண்டு கோலும் மார்ட்டின் பலெர்மோ அடித்தவை. இரண்டாவதுக்குப் பாதித் திடல் தாண்டிப் பந்து அனுப்பியவர் ரிக்கெல்மே. மாட்ரிட் ஆட்டக்காரர்கள் அவரிடமிருந்து பந்தைப் பறிக்கப் பட்ட பாடு தனிக் காட்சி.

காதில் கை வைத்தது யாருக்காக?

2001 ஏப்ரல் 8. பரம எதிரியான ரிவர் பிளேட்டுடன் ஆட்டம். ரிக்கெல்மே அடித்த பெனால்டியைக் கோல்காவலர் தடுத்தார், திரும்பி வந்த பந்தைத் தலையால் முட்டி கோலாக்கினார். பிறகு முக்கியப் பிரமுகர்கள் உட்காரும் பகுதியைப் பார்த்து நின்று, இரண்டு காதுக்குப் பின்னாலும் கை வைத்தார். கொண்டாட்டம் இல்லை, சிரிப்பு இல்லை.

அப்போது சம்பள ஒப்பந்தம் பற்றி கிளப் தலைவர் மௌரிசியோ மாக்ரியுடன் அவருக்குத் தகராறு. “நான் சொல்வது கேட்கவில்லையா?” என்பதுதான் அந்தச் சைகையின் பொருள் என்று அரங்கமே புரிந்துகொண்டது. மகளுக்குப் பிடித்த டோப்போ ஜிஜியோ என்ற பெரிய காது சுண்டெலி பொம்மையைத்தான் செய்து காட்டினேன் என்று அவர் விளக்கம் சொன்னார். அதை யார் நம்பினார்களோ தெரியாது. அந்த மாக்ரிதான் 2015-ல் அர்ஜென்டினாவின் அதிபரானார்.

இதை ‘திமிர்’ என்று சொல்லுவீர்களா? நான் சொல்லமாட்டேன். கண்டம் வென்று, ரியால் மாட்ரிட்டை வென்று தந்த ஒருவர் தன் உழைப்புக்குரிய சம்பளத்தைக் கேட்டிருக்கிறார். ஏழைப் பகுதியிலிருந்து வந்த பையன் பேரம் பேசினால் அது குணக்கேடு, பணக்கார வீட்டுத் தலைவர் பேரம் பேசினால் அது நிர்வாகம். இந்தக் கணக்கு நமக்கும் தெரியாத கணக்கு இல்லையே.

2002 ஏப்ரலில் அவருடைய தம்பி கடத்தப்பட்டு, பணம் கொடுத்தபின் விடுவிக்கப்பட்டார். சில மாதங்களில் ரிக்கெல்மே பார்சிலோனாவுக்குப் போய்விட்டார். முகம் கொடுக்காதவர், சிரிக்காதவர் என்று அந்த ஆண்டு ஸ்பெயினில் எழுதியவர்கள் இந்தக் கடத்தலை எத்தனை முறை நினைத்துப் பார்த்தார்கள் என்று தெரியவில்லை.

ஐரோப்பாவில் ஏன் நிலைக்கவில்லை?

பார்சிலோனாவில் பயிற்றுநர் லூயி வான் கால் அவரைக் கேட்டு வாங்கவில்லை. நடுவில் நிற்க வேண்டியவரை ஓரத்தில் நிறுத்தினார். அடுத்த ஆண்டு ரொனால்டினியோ வந்ததும் இடமே இல்லாமல் போனது.

வில்லாரியல் வேறு கதை. ஏறத்தாழ 50,000 பேர் வாழும் சிறு ஊர். நம்ம கிள்ளானோடு ஒப்பிட்டால் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. பயிற்றுநர் மானுவல் பெல்லெகிரினி அணியை ரிக்கெல்மேயைச் சுற்றியே கட்டினார். 2006-ல் அந்த ஊர் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் நின்றது. முதல் ஆட்டத்தில் ஆர்சனல் 1-0. இரண்டாவது ஆட்டம் சொந்த ஊரில், 0-0, முடிய ஒரு நிமிடம்தான், பெனால்டி. ரிக்கெல்மே அடித்தார். யென்ஸ் லேமன் தடுத்துவிட்டார்.

அதே ஆண்டு உலகக் கிண்ணம். பயிற்றுநர் மறுபடி பெக்கர்மன். காலிறுதியில் ஜெர்மனிக்கு எதிராக ரிக்கெல்மே அடித்த மூலை உதையிலிருந்துதான் ரொபெர்ட்டோ அயாலா கோல் போட்டார். 72-ஆவது நிமிடத்தில் முன்னணியைக் காப்பாற்ற ரிக்கெல்மேயை வெளியே எடுத்து, ஷா ஆலாம் காலத்து நண்பர் கம்பியாசோவை இறக்கினார்கள். 80-ஆவது நிமிடத்தில் ஜெர்மனி சமன் செய்தது, பிறகு பெனால்டியில் வென்றது. கடைசி பெனால்டியைத் தவறவிட்டவர் கம்பியாசோ. இந்த மாற்றம் சரியா தப்பா என்று மாமாக் கடையில் தே தாரிக் ஆறும்வரை வாதாடுபவர்கள் இன்றும் உண்டு. நான் தப்பு என்ற கட்சி.

அதன்பிறகு நடந்ததில் அவர் பக்கம் நிற்பது கஷ்டம். அவர்மீது எழுந்த விமர்சனங்களால் அம்மாவின் உடல்நலம் கெடுகிறது என்று சொல்லி தேசிய அணியிலிருந்து விலகினார், அது புரிகிறது. ஆனால் வில்லாரியலில், தன்னை மையமாக வைத்து எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்த பெல்லெகிரினியுடனேயே உறவு முறிந்தது. 2007 தொடக்கத்தில் இரவல் ஆட்டக்காரராகப் போக்கா திரும்பினார். வான் கால் அவரைப் புரிந்துகொள்ளவில்லை என்று சொல்லலாம். பெல்லெகிரினியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

திரும்பி வந்ததும் என்ன செய்தார்? 2007 லிபர்த்தடோரெஸ் இறுதியில் கிரேமியோவை இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 5-0 என்று வீழ்த்தினார்கள், அதில் மூன்று கோல் அவருடையது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அணித் தலைவராகத் தங்கம், மெஸ்ஸி அவர் அணியில். 2009-ல் மரடோனா தேசியப் பயிற்றுநராகித் தொலைக்காட்சியில் அவர் ஆட்டத்தைக் குறை சொன்னதும் மறுபடி விலகல். ஆம், மரடோனாவிடமே. அர்ஜென்டினாவில் அது கோயிலுக்குள் போய் சாமியிடம் சண்டை போடுவது மாதிரி.

நம்ம திடலுக்கு இதில் என்ன இருக்கு?

மலேசியாவில் நடந்த ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2010-ல் கே. ராஜகோபால் பயிற்சியில் மலேசியா முதல்முறையாக தென்கிழக்காசியக் கிண்ணம் வென்றது. அவர் பெரும்பாலும் நம்பியது, 2009 சீ விளையாட்டில் தங்கம் வென்ற தன் இளம் ஆட்டக்காரர்களை. எஸ். குணாளன் இரண்டு அணியிலும் இருந்தார். பெக்கர்மன் செய்ததும் இதுதான்: சின்ன வயதிலேயே பார்த்து, குணம் தெரிந்து, நம்பி, அதே பிள்ளைகளோடு மேலே போவது. ரிக்கெல்மே நன்றாக ஆடிய இடங்களை வரிசையாக எண்ணிப் பாருங்கள். பெக்கர்மன், பியாஞ்சி, தொடக்கத்தில் பெல்லெகிரினி. மூவரும் அவரை முன்கூட்டியே முடிவு கட்டாதவர்கள்.

‘அட்டிட்யூட் பிராப்ளம்’ என்ற சொல்லைக் கேட்கும்போது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: அவன் எதை மறுக்கிறான்? பயிற்சியையா, அல்லது அவமானத்தையா? பயிற்சிக்கு வராதவனும், ஏன் என்னை உட்கார வைத்தீர்கள் என்று கேட்பவனும் ஒன்றல்ல. நம்ம ஊரில் இரண்டு பேருக்கும் ஒரே பெயர்தான் கிடைக்கிறது. எஸ்டேட் திடல் எல்லாம் தாமானாகி, விளையாட இடமே சுருங்கிவிட்ட கிள்ளான் பள்ளத்தாக்கில், அந்தப் பெயர் ஒரு தடவை ஒட்டினால் இன்னொரு அணி தேடுவது சுலபம் இல்லை. ரிக்கெல்மேக்குப் போக எப்போதும் ஒரு போக்கா இருந்தது.

இப்போது தலைவர் யார்?

2015 ஜனவரியில் ஓய்வு அறிவித்தார். 2019 டிசம்பரில் கிளப்பின் துணைத் தலைவர். 2023 டிசம்பரில் தலைவர் தேர்தல். எதிர் அணியில் துணைத் தலைவர் பதவிக்கு நின்றவர் வேறு யாருமில்லை, மாக்ரியேதான். முன்னாள் அதிபர் தோற்றார், ரிக்கெல்மே ஏறத்தாழ 65 விழுக்காட்டு வாக்கு பெற்றார். காதில் கை வைத்து 22 ஆண்டுக்குப் பிறகு பதில் வந்தது.

ஆனால் நாற்காலி வேறு வேலை. காற்பந்துப் பொறுப்பு அவர் கைக்கு வந்த பிறகு, 2020 தொடக்கத்திலிருந்து 2025 ஏப்ரலுக்குள் ஆறு பயிற்றுநர்கள் வந்து போனார்கள். 2023-ல் லிபர்த்தடோரெஸ் இறுதியில் புளுமினென்சேயிடம் தோல்வி. 2025 பிப்ரவரியில் அதே போட்டியின் தகுதிச் சுற்றிலேயே பெருவின் அலியன்சா லீமாவிடம் பெனால்டியில் சொந்த அரங்கத்தில் வெளியேற்றம். ஜூன் 24-ஆம் தேதி, அவருடைய 47-ஆவது பிறந்தநாளன்று, உலகக் கிளப் கிண்ணத்தில் ஆக்லாந்து சிட்டியுடன் 1-1 சமநிலை. ஆக்லாந்து ஆட்டக்காரர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். அன்று கோல் போட்டவர் ஆசிரியர் பயிற்சியில் இருந்தவர்.

அந்த அணியின் பயிற்றுநர் மிகுவல் அங்கெல் ருஸ்ஸோ, 2007-ல் ரிக்கெல்மேயோடு கிண்ணம் வென்ற அதே மனிதர். உடல்நலம் குன்றிய நிலையிலும் பொறுப்பில் இருந்து, 2025 அக்டோபர் 8-ல் காலமானார். நம்பியவரை விடாமல் பிடித்துக்கொள்வதும் ரிக்கெல்மேயின் குணம்தான்.

ரசிகர்கள் இப்போது போம்போனேரா அரங்கத்தில் சில இரவுகளில் விசிலடித்து எதிர்ப்புக் காட்டுகிறார்கள். பிரமுகர் பகுதியில் உட்கார்ந்திருப்பவர் ரிக்கெல்மே. அடுத்த தேர்தல் 2027-ல்.